பார்க்கும் கண்களை எங்கே திருப்புவது?

மனிதருக்கு இருவகைப் பசி உண்டு. ஒன்று வயிற்றின் பசி. மற்றொன்று, பிறர் தம்மைக் காண வேண்டும் என்னும் பசி. முதற்பசி ஒரு பிடி சோறு கிடைத்ததும் சற்றே அடங்குகிறது. இரண்டாம் பசியோ ஊட்ட ஊட்ட வளர்கிறது.

பலர் பார்வையில் வாழ்வது முன்பு நடிகர்க்கும் அரசியல் தலைவர்க்கும் உரியதாக இருந்தது. இன்று கைப்பேசி ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் ஒரு மேடையைக் கொண்டுவந்து வைத்துவிட்டது. பாட்டுக் கட்டும் இளைஞரும், கோலமிடும் பெண்மணியும், மீன் குழம்பு வைக்கச் சொல்லித்தரும் பாட்டியாரும் ஆயிரமாயிரம் கண்களுக்கு முன் நிற்கின்றனர். பங்குத்தந்தை ஒருவருக்கு இந்நிலை புதிதன்று. இராயபுரம் முதல் எண்ணூர்வரை நீளும் இக்கடலோரப் பகுதியில், சாமியாரின் நடை, உடை, பேச்சு, அவர் யார் வீட்டில் காப்பி அருந்தினார் என்பதுவரை யாவும் பொதுச்சொத்து. ஞாயிறுதோறும் மறையுரை ஆற்ற எழும்போது நூற்றுக்கணக்கான முகங்கள் எம்மை நோக்குகின்றன. மறையுரையும் ஒருவகைப் படைப்பே. தக்க சொல்லையும் உவமையையும் தேடி வாரம் முழுவதும் மனத்துள் சுமந்து, பின் மக்கள் முன் வைக்கிறோம். ஆகவே படைப்பும் பொதுப்பார்வையும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் இடத்தைப் பற்றிச் சிந்திப்பது எமக்குக் கடமையாகிறது.

அண்மையில் ஒரு நிகழ்வு இச்சிந்தனையைக் கூர்மையாக்கிற்று. ஒரு தாய் எம்மைக் காண வந்தார். அவர் மகன் சரக்குப் பெட்டக முனையம் ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவுப் பணி முடிந்து வரும் வழியில் மனத்துக்குள்ளேயே பாட்டுக் கட்டுவது அவர் வழக்கம். தவக்காலச் சிலுவைப்பாதைக்கு அவர் இயற்றிய பாட்டைப் பங்கு மக்கள் கண்கலங்கப் பாடினர். யாரோ ஒருவர் அதைக் கைப்பேசியில் பதிவு செய்து உலகறியச் செய்தார். சில நாள்களில் பல்லாயிரம் பேர் கேட்டனர். பாராட்டு மழையெனப் பொழிந்தது. அடுத்து ஏளனம் வந்தது. அவருடைய உச்சரிப்பு, அவர் குடியிருக்கும் தெரு, அவரது நிறம் அனைத்தும் பழிக்கப்பட்டன. இளைஞர் பாடுவதையே நிறுத்திவிட்டார்.

"பாட்டு நோட்டைத் தூக்கிப் பரண் மேல போட்டுட்டான் சாமி. புகழ்ந்தப்பவும் அவனுக்குத் தூக்கம் இல்ல, திட்டினப்பவும் தூக்கம் இல்ல. இவன் பாடறதா, வேணாமா? நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றார் அத்தாய்.

கேள்வி எளிது, விடை எளிதன்று. ஏனெனில் ஆண்டவர் இயேசுவின் மலைப்பொழிவிலேயே இதற்கு இரு விடைகள் இருப்பதுபோல் தோன்றுகிறது. மத்தேயு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில், விளக்கை ஏற்றி மரக்காலுக்குள் மறைக்கலாகாது, தண்டின்மீது வைக்க வேண்டும் என்கிறார். நம் நற்செயல்களை மக்கள் காணட்டும் என்கிறார். அடுத்த அதிகாரத்திலேயே, மக்கள் காண வேண்டுமென்று அறச்செயல் செய்யாதீர்கள் என எச்சரிக்கிறார். வலக்கை செய்வது இடக்கைக்கும் தெரியலாகாது என்கிறார். ஒரே பொழிவு, ஒரே போதகர். காணட்டும் என்பதா? காணவேண்டா என்பதா?

ஊன்றி நோக்கினால் முரண் நீங்குகிறது. மக்கள் நற்செயலைக் கண்டு, செய்தவரைப் போற்றட்டும் என்று ஆண்டவர் சொல்லவில்லை; விண்ணகத் தந்தையைப் போற்றட்டும் என்கிறார். அதாவது, பார்ப்பவர் கண் செய்தவரோடு நின்றுவிடலாகாது. அவரைக் கடந்து அப்பால் செல்ல வேண்டும். நம் வீட்டு விளக்கை எண்ணிப் பாருங்கள். விளக்கையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவர் எவரும் இலர். அதன் ஒளியில் பிள்ளையின் முகத்தையும், படிக்கும் நூலையும், தட்டில் உள்ள உணவையும் பார்க்கிறோம். கண்களைத் தன்மீது நிறுத்திக்கொள்ளாமல் வேறொன்றைக் காட்டுவதே விளக்கின் தொழில்.

இவ்வுண்மையை வாழ்ந்து காட்டிய ஒருவரின் காலடி எம் பகுதியிலேயே பதிந்திருக்கிறது. பிற சமயங்களில் விளங்கும் உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. அந்த உரிமையோடும் வணக்கத்தோடும் இராமலிங்க வள்ளலாரை இங்கே நினைவுகூர்கிறோம்.

1823 அக்டோபர் 5-ஆம் நாள் சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்த இராமலிங்கர், குழந்தைப் பருவத்திலேயே சென்னைக்கு வந்தார். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளை தெருவில் தமையனார் குடும்பத்தோடு வாழ்ந்தார். இன்று மெட்ரோ ரயில் ஓடும் வடதிசையில், திருவொற்றியூர்த் தியாகராசர் திருக்கோவிலுக்குப் பல ஆண்டுகள் நடந்து சென்று வழிபட்டார். அங்கு உறையும் வடிவுடையம்மன் மீது 'வடிவுடை மாணிக்க மாலை' பாடினார். அந்நாளில் அவருக்கு நூல் இல்லை, அவையும் இல்லை, பட்டமும் இல்லை. பாடல் இருந்தது, பாடப்பட்ட பொருள் இருந்தது. அவ்வளவே. 1858-இல் அவர் சென்னையை விட்டு நீங்கினார். திருவொற்றியூரில் பிறந்த பாடல்கள் அச்சேறியது அதற்கும் ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்னர்தான்.

அச்சேறியதும் அவர் விருப்பத்தால் அன்று, அன்பர்களின் வற்புறுத்தலால். இறுக்கம் இரத்தின முதலியார் என்னும் அன்பர், பாடல்களின் படிகள் கைக்கு வரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளை உணவே கொள்வதென உறுதி பூண்டார். அதற்குப் பின்னரே இராமலிங்கர் இசைந்தார். இசைந்தபோதும் ஒன்றை வேண்டிக் கடிதம் எழுதினார். தம் பெயரை 'இராமலிங்கசாமி' என வழங்குவதில் தமக்குச் சம்மதம் இல்லை என்றும், அப்பெயரில் ஆரவாரம் தோன்றுகிறது என்றும் தெரிவித்தார். பாடலைக் கொடுக்கிறார், பெயரின் பின்னால் ஒட்டவரும் பட்டத்தை மறுக்கிறார். வெண்ணிற ஆடையால் தலையையும் உடலையும் போர்த்தியவாறே அவர் நடமாடியதும் நாம் அறிந்ததே.

1867-இல் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் 'திருவருட்பா' முதல் நான்கு திருமுறைகள் வெளிவந்தன. புகழ் பரவிற்று, எதிர்ப்பும் எழுந்தது. எதிர்த்தவரும் சிறியவர் அல்லர். தமிழ் உரைநடைக்கு உரமூட்டியவரும், யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் போதகரோடு இணைந்து திருவிவிலியத் தமிழாக்கத்தில் உழைத்தவருமான ஆறுமுக நாவலரே 1869-இல் 'போலியருட்பா மறுப்பு' வெளியிட்டார். பூசல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது. இருவரும் மறைந்த பின்னும் கட்சி கட்டிக்கொண்டு அவ்வாதம் தொடர்ந்தது. ஒரு படைப்பாளி பொதுப்பார்வைக்கு வந்தால் என்னவெல்லாம் நேரும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும் எம்மை நிறுத்தி எண்ணவைப்பது வேறொன்று. நூல் வெளிவந்த அதே 1867-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள், வடலூரில் அவர் சத்திய தருமச்சாலையை நிறுவி அடுப்பை மூட்டினார். பசித்து வருவோர் எவராயினும் சாதி, சமயம் கேளாமல் உணவு வழங்குவதற்கென மூட்டிய அடுப்பு அது. அன்று மூண்ட தீ இன்றுவரை அணையவிடப்படாமல் காக்கப்பட்டு வருகிறது. தம் பெயர் அச்சேறிய ஆண்டில், தம்மை நோக்கி வந்த கண்களை அவர் அடுப்பின் பக்கம் திருப்பிவிட்டார். அவர் உள்ளம் பெயரில் தங்கியிருந்தால் புகழ் அவரைச் சிறைப்படுத்தியிருக்கும். பழி அவரை முறித்திருக்கும். அவர் உள்ளமோ பசித்தவர் வயிற்றில் தங்கியிருந்தது. 1874 ஜனவரி 30-ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று மறையும்வரை அவர் பாட்டும் பணியும் தளரவில்லை.

அவ்வாறாயின் ஒளிந்துகொள்வதே உயர்வு என்று கொள்ளலாமா? அதுவும் இல்லை. நம் திருச்சபையிலேயே ஒரு வரலாறு உண்டு. ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் என்னும் ஆங்கிலக் கவிஞர் 1868-இல் இயேசு சபையில் சேர்ந்தார். கவிதை தம் அழைத்தலுக்கு இடையூறாகும் என்றஞ்சி, அதுவரை எழுதியவற்றைத் தீக்கிரையாக்கினார். ஏழாண்டுகள் ஏறக்குறைய மௌனம். 1875 டிசம்பரில் ஒரு ஜெர்மானியக் கப்பல் தேம்ஸ் ஆற்றின் கழிமுகத்தை அடுத்த கடலில் மணற்றிட்டில் மோதிச் சிதைந்தது. நாடு கடத்தப்பட்ட பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் ஐவர் அதில் மாண்டனர். இதைப் பற்றி யாரேனும் கவிதை எழுதலாமே என்று அவருடைய மேலாளர் ஒரு சொல் சொன்னார். அச்சொல்லே போதுமாயிற்று; அடைபட்டிருந்த ஊற்று திறந்தது. சபையின் இதழ் அக்கவிதையை ஏற்கவில்லை. அவரும் அதற்காகப் போராடவில்லை. பின்னர் லிவர்பூல் என்னும் துறைமுக நகரில், ஏழைத் தொழிலாளர் நிறைந்த பங்கில் பணியாற்றினார், 1889-இல் மறைந்தார். அவர் கவிதைகளை நண்பர் ராபர்ட் பிரிட்ஜஸ் தொகுத்து வெளியிட்டது 1918-இல்!

புகழை அஞ்சிக் கொடையைப் புதைப்பதும் தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியனின் செயலே. ஹாப்கின்ஸின் பேனாவைத் திறந்தது புகழாசை அன்று. கடலில் மாண்ட ஐவரின் துயர். தம்மைப் பற்றிய அச்சத்திலிருந்து அவர் பார்வை பிறர் துயரின்பால் திரும்பியபோது கவிதை தானே பிறந்தது.

மறுபுறம் ஒருவரை நினைத்தால் நெஞ்சம் கனக்கிறது. தூத்துக்குடிக் கடற்கரையில் 1927-இல் பிறந்து, பனிமய மாதாவின் பெயரால் பனிமயதாசன் எனப் பெயர் பெற்ற நம் சந்திரபாபு! நடிப்பு, நடனம், பாட்டு மூன்றும் ஒருவரிடமே குடிகொண்டிருந்தன. வாய்ப்புக் கிட்டாத வேதனையில் இளமையில் தம் உயிரையே மாய்த்துக்கொள்ள முயன்றவர், பின்னர்த் தமிழகம் முழுவதையும் சிரிக்கவைத்தார். கவிஞர் கண்ணதாசன் தயாரித்து 1960-இல் வெளிவந்த படத்தில் அவரே நாயகர். படத்தின் பெயர் 'கவலை இல்லாத மனிதன்'. அவர் வாழ்வோ கவலையில் முடிந்தது. சொந்தமாக எடுக்க முனைந்த படம் நின்றுபோயிற்று; கடன் சூழ்ந்தது; வாய்ப்புகள் குறைந்தன. 1974 மார்ச் 8-ஆம் நாள், 46 வயதில், வறுமையில் கண்மூடினார். வள்ளலார் மறைந்து ஏறத்தாழ நூறாண்டு கழித்து!

அவரைத் தீர்ப்பிட நாம் யார்? எம் கேள்வி நம்மைப் பற்றியது. திரையில் அவர் தோன்றியதும் கைதட்டிய ஆயிரமாயிரம் கண்கள் அவருடைய இறுதி ஆண்டுகளில் எங்கே திரும்பியிருந்தன? பொதுப்பார்வை என்பது கடலலை போன்றது. தூக்கிவிடும் அதே அலை இழுத்தும் செல்லும். அதன்மேல் வீடு கட்டுவோர்க்கு ஆபத்து. கட்டச் சொல்லிக் கைதட்டும் நமக்கோ பொறுப்பு.

இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்த பின்னரே அவ்விளைஞரை அழைத்துப் பேசினோம். அவர் பாட்டு நான்காம் தலத்துக்கானது. இயேசு தம் தாயைச் சந்திக்கும் தலம். கடலுக்குச் சென்று திரும்பாத மகனுக்காக இன்றும் கரையில் நின்று பார்க்கும் ஓர் அன்னையை மனத்தில் வைத்தே அவர் அதைக் கட்டினார் என்பது எமக்குத் தெரியும்.

"தம்பி, அந்தப் பாட்டை யாருக்காகக் கட்டினீங்க?" என்று கேட்டோம்.

"அந்த அம்மாவுக்காகத்தான் ஃபாதர்."

"அந்த அம்மா உங்க உச்சரிப்பைக் குறை சொன்னாங்களா?"

"இல்ல ஃபாதர். அவங்க அழுதாங்க. அப்புறம் என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க."

"அப்படின்னா பாட்டு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துடுச்சு. மத்தவங்க புகழ்ந்ததும் திட்டினதும் வழியில கேட்ட சத்தம்."

நெடுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. "திரும்பவும் திட்டுவாங்களே ஃபாதர்?" என்றார் இறுதியில். திட்டத்தான் செய்வார்கள், அதை மறைத்து ஆறுதல் கூற யாம் விரும்பவில்லை. நோட்டைப் பரணிலிருந்து இறக்குமாறும், பாட்டை முதலில் மறைக்கல்விச் சிறுவர்க்குக் கற்பிக்குமாறும் மட்டும் கேட்டுக்கொண்டோம். அடுத்து வந்த வெள்ளியன்று நான்காம் தலத்தில் அவர் சிறுவர் நடுவே நின்று பாடினார். அவ்வன்னையும் வந்திருந்தார். பாடியவரை அன்று எவரும் பார்க்கவில்லை. எல்லார் கண்களும் அத்தாயின்மீதும், சுவரிலிருந்த மற்றொரு தாயின்மீதும் இருந்தன. அவர் மீண்டும் வெளியுலகுக்குப் பாடுவாரா என்பதை அவரே முடிவு செய்வார். தம் கொடையை அவர் மீட்டுக்கொண்டார் என்பதே எமக்கு மகிழ்ச்சி.

தனிமனிதர்க்கு நேர்வது ஓர் ஊருக்கும் நேர்வதுண்டு. வடசென்னையை வெளியுலகம் எப்படிப் பார்க்கிறது? திரைப்படங்களில் பெரும்பாலும் கத்தியும் கைவிலங்குமாக. அண்மைக் காலத்தில் குத்துச்சண்டைக் களமாக. சந்து முனையில் மங்கிய விளக்கொளியில் கேரம் பலகையைச் சூழ்ந்து நிற்கும் பிள்ளைகளை யார் பார்த்தார்கள்? அவ்வாறு விளையாடி வளர்ந்த, ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா, 2024-இல் அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற பிறகே நாடு திரும்பிப் பார்த்தது. பதக்கம் வந்த நாள் ஒன்று. அதற்கு முன், எவரும் பாராமல் காய்களைக் குறிபார்த்த நாள்களோ பல.

துன்பம் வரும்போதும் கண்கள் வருகின்றன. 2017 ஜனவரி 28-ஆம் நாள் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் படர்ந்தபோது, இளைஞர்கள் வாளிகளால் எண்ணெய்ச் சேற்றை அள்ளிய காட்சியை உலகமே கண்டது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை மூடியபோதும் ஒளிப்படக் கருவிகள் வந்தன. சில நாள்களில் அவை அகன்றன. படகிலும் வலையிலும் ஒட்டிய கறை அகலவில்லை.

ஆனால் கண்களைச் சரியாகத் திருப்பிய ஒரு படைப்பும் இங்கே நிகழ்ந்தது. அதே 2017 ஜனவரியில், கருநாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்தில் நின்று புறம்போக்கைப் பற்றி ஒரு பாடல் பாடினார். சபாக்களின் மேடைக்கு அன்னியமான சென்னைத் தமிழில் கபேர் வாசுகி எழுதிய பாடல் அது. அனைவர்க்கும் பொதுவான நிலம் என்னும் நற்பொருளுடைய 'புறம்போக்கு' எப்படி வசைச்சொல்லாயிற்று என்று அது வினவியது. அவரைப் பார்க்க வந்த கண்கள், அவர் பின்னால் இருந்த சாம்பல் படிந்த நீரையும் அனல்மின் நிலையங்களையும் பார்த்தே தீரவேண்டியிருந்தது. புகழ் ஒரு கடன் எனில், அதைத் திருப்பிச் செலுத்தும் முறை இதுவன்றோ?

அன்புக்குரிய வாசக உள்ளங்களே! உங்களுள் கவிதை எழுதுவோர் உண்டு. பாடகர் குழுவில் பாடுவோர், நாடகம் நடிப்போர், திருவிழாச் சப்பரத்தை அழகுபடுத்துவோர் உண்டு. நீங்கள் செய்வதை மறைக்க வேண்டா. அது மரக்காலுக்குள் வைப்பதற்கன்று. ஆனால் பாராட்டு வரும் நாளில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: என்னைப் பார்க்கும் கண்கள் என்னோடு நின்றுவிடுகின்றனவா, என்னைக் கடந்து எதையேனும் காண்கின்றனவா? பழி வரும் நாளிலும் இதே கேள்வி உதவும். நாம் காட்ட வந்த பொருள் உண்மையாயின், நம்மீது விழும் சேற்றால் அது அழுக்காவதில்லை.

பார்வையாளராக அமர்ந்திருப்போர்க்கும் ஒரு சொல். நம் பிள்ளை பீடத்தின் முன் முதல் வாசகம் வாசிக்கும்போது, கைப்பேசியைச் சற்றே கீழே வைத்துவிட்டு வாசகத்தைக் கேட்போம். ஒரு பாடகரை வானளாவப் புகழுமுன், அவர் எதைப் பாடினார் என்று எண்ணுவோம். ஏளனம் செய்ய விரல் எழுமுன், மறுமுனையில் தூக்கமின்றி விழித்திருக்கும் ஒரு பிள்ளையையும், கவலையோடு சாமியாரைத் தேடி வரும் ஒரு தாயையும் நினைப்போம்.

படைப்பவர்க்கு எவர் கண்ணும் எட்டாத ஓர் உள்ளறை வேண்டும். செபிக்கும்போது கதவடைத்துக்கொள்ளச் சொன்ன ஆண்டவர், அவ்வறையில் நம்மைக் காணும் தந்தை ஒருவர் இருக்கிறார் என்றும் சொன்னார். அந்தப் பார்வை புகழும்போது ஏறுவதில்லை, பழிக்கும்போது இறங்குவதில்லை. அதன்கீழ் நின்று செய்யும் பாட்டும், மறையுரையும், மூட்டும் அடுப்பும் யாருக்காகச் செய்யப்பட்டனவோ அவர்களைச் சென்றடையும்.